கடல் தந்த மினாராக் கூம்பு

கோட்டைப்பட்டினம் கடைத்தெருவில் கருவாட்டு வியாபாரம் செய்துவந்த ஜெகபர் சாதிக், எந்தச் சாமானையும் தொப்பென்று கீழே போட்டு யாரும் பார்த்ததில்லை. கருவாட்டுக் கூடையானாலும் தண்ணீர்க் குடமானாலும் இரண்டு கையாலும் பிடித்து, முழங்காலை மடித்து, தரையில் பட்ட சத்தமே கேட்காமல் இறக்கி வைப்பார். தேங்காயைக்கூட அப்படித்தான். இன்னொரு வழக்கமும் உண்டு. புதிதாக எது கைக்கு வந்தாலும் முதலில் அதன் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார். சட்டி வாங்கினாலும் அடி, லாந்தர் வாங்கினாலும் அடி. பட்டாளத்திலிருந்து திரும்பி வந்த அன்று தன் முகத்தைப் பார்க்கும் முன்னால் பாதத்தைப் பார்த்த மனுஷன் என்று அவர் மனைவி ரஹீமா பீவி அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பார். ஜெகபரும் கூடச் சேர்ந்து சிரிப்பாரே தவிர, எதனால் அப்படி என்று சொன்னதில்லை.

அவர் யுத்த காலத்தில் நாலு வருஷம் பட்டாளத்தில் இருந்தவர் என்பது ஊருக்குத் தெரியும். நாற்பத்திரண்டில் மழை பொய்த்து, கடலும் கைவிட்ட சமயம் திருச்சிக்குப் போய் ஆள் எடுக்கும் இடத்தில் பெயர் கொடுத்தார். அவருடைய அம்மா மூன்று நாள் சாப்பிடவில்லை. பிறகு எழுந்து, குளித்து, ஊருக்குத் தெற்கே சவுக்குத் தோப்பை ஒட்டியிருக்கும் சின்ன தர்காவுக்குப் போய், அங்கே அடங்கியிருக்கும் அவுலியாவிடம் ஒரு நேர்ச்சை வைத்தார். பிள்ளை உயிரோடு வரவேண்டும் என்று மட்டும் அந்த அம்மாள் கேட்கவில்லை. அவன் கையால் ஒரு உயிரும் போகக்கூடாது என்றும் கேட்டார்.

நாற்பத்தாறில் ஜெகபர் வந்து சேர்ந்தார். சாப்பிட உட்காரும்போது அம்மா அவர் கைக்குத் தண்ணீர் ஊற்றினார். ஊற்றிக்கொண்டே, இந்தக் கை அங்கே என்ன வேலை செய்தது என்று கேட்டார். ஜெகபர் தண்ணீரைப் பார்த்தபடி, ஸ்டோரில் கம்பளியும் பூட்ஸும் எண்ணி அடுக்கியதாகச் சொன்னார். அம்மா அந்தக் கையைத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அடுத்த வியாழக்கிழமை தர்காவில் நாற்பது ஏழைகளுக்குச் சோறு ஆக்கிப் போட்டார். ஐம்பத்தொன்றில் பேத்தி சம்சுன் நிஹாரின் கல்யாணத்தைப் பார்த்துவிட்டு, மனநிறைவோடு கண்ணை மூடினார்.

ஸ்டோரில் இருந்தது உண்மை. எண்ணி அடுக்கியதும் உண்மை. கம்பளி என்பதுதான் பொய்.

அது பீரங்கிக் குண்டுகளின் ஸ்டோர். வடக்கே ஒரு டிப்போவில் அவர்களுக்கு ஆறு வாரம் பாடம் நடந்தது. பாடம் சொன்னவர் ஒரு சர்தார் ஹவில்தார். நீண்ட மேசையில் வரிசையாகக் குண்டுகளை வைத்திருந்தார். எல்லாம் நெடுக்காக இரண்டாக அறுத்தவை, பலாப்பழத்தைப் பிளந்து வைத்த மாதிரி உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியும். ஹவில்தார் பேசிய இந்துஸ்தானி ஜெகபருக்கு முதல் வாரம் பாதிதான் விளங்கியது. ஆனால் அறுத்த இரும்பைப் பார்த்ததும் மீதியும் விளங்கிவிட்டது.

பீரங்கி எல்லாவற்றுக்கும் ஒன்றுதான், வேலை முழுவதும் குண்டுக்குள் இருக்கிறது என்பதுதான் அந்த மனிதர் சொன்ன முதல் விஷயம். சுவரையும் பதுங்கு குழியையும் தகர்க்க வேண்டியதற்கு மேல்தோல் மெல்லிசு, வயிறு நிறைய வெடிமருந்து, மூக்கில் திரி. எதைத் தொட்டாலும் அந்த இடத்திலேயே வெடித்துவிடும். டாங்கியின் இரும்பைத் துளைக்க வேண்டியது ஏறக்குறைய முழுக் கட்டி இரும்பு. மருந்து கொஞ்சம், சிலதில் அதுவும் இல்லை. புகை விடுகிற குண்டு யாரையும் கொல்வதற்கல்ல, எதிரியின் கண்ணைக் கட்டுவதற்கு. இருட்டில் வெளிச்சம் போடுவதற்கென்று ஒன்று, அதன் வயிற்றுக்குள் சின்னப் பட்டுக் குடை மடித்து வைத்திருந்தது. அந்தக் குடையைப் பார்த்து ஜெகபர் முதல் நாள் ஆச்சரியப்பட்டுப் போனார். இவ்வளவு நுணுக்கமாக யோசிக்கத் தெரிந்தவன் இதை ஏன் இந்த வேலைக்கு யோசித்தான் என்று படுக்கும்போது நினைத்துக்கொண்டார்.

மேசையின் கடைசியில் ஒன்று இருந்தது. அதன் தோல் மெல்லிசும் இல்லை, கட்டியும் இல்லை. உடைந்தால் எத்தனை துண்டாக உடையவேண்டும், ஒவ்வொரு துண்டும் எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும் என்று பார்த்துப் பார்த்து அந்தக் கனத்தை வைத்திருந்தார்கள். ரொம்பச் சிறிசாக உடைந்தால் சட்டையோடு நின்றுவிடும், ரொம்பப் பெரிசாக உடைந்தால் நாலு பேருக்குத்தான் போய்ச் சேரும். அது வெட்டவெளியில் நிற்கும் மனுஷர்களுக்கு. ஹவில்தார் அதைத் தொட்டுக் காட்டும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

பெயின்ட் அழிந்து, எழுத்து அழிந்து ஒரு குண்டு கைக்கு வந்தால் என்ன செய்வீர்கள் என்று ஒருநாள் கேட்டார். இது யாருக்கு என்று அந்தக் குண்டையே கேளுங்கள், மூக்கையும் இடுப்பையும் அடியையும் பார்த்தால் அதுவே சொல்லிவிடும் என்றார். ஜெகபர் அதைப் பிடித்துக்கொண்டார். பர்மா எல்லையில் மூன்று வருஷம், மழையிலும் சேற்றிலும், லேபிள் நனைந்து கிழிந்த பெட்டிகளை அவர்தான் பிரித்து இனம் பார்த்துக் கொடுத்தார். அதில் ஒரு தடவைகூடத் தவறியதில்லை.

தவறாமல் கொடுத்ததுதான் பிற்பாடு அவரை வாட்டியது. ஒருநாள் காலை, வெட்டவெளியில் வரும் ஆட்களுக்கு என்று சீட்டு வந்தது. சரியானதை எடுத்துக் கொடுத்தார். நாலாம் நாள் கோவேறு கழுதைகளோடு அந்த வயல் வழியாகவே போக வேண்டியிருந்தது. அவர் அங்கே கண்டதை இங்கே எழுத வேண்டாம். அதற்குப் பிறகுதான் எதையும் மெல்ல இறக்கி வைக்கிற பழக்கம் கையோடு ஒட்டிக்கொண்டது. ஐந்து வேளையும் தொழுது முடித்ததும் கையைச் சற்று நேரம் கூடுதலாகவே ஏந்திக்கொண்டிருப்பார். என்ன கேட்கிறார் என்று ரஹீமா பீவிக்குக்கூடத் தெரியாது.

ஐம்பத்தேழாம் வருஷம் மருமகன் முகமது இப்ராஹிம் சொந்தமாக ஒரு புது வள்ளம் இறக்கினான். நல்ல பிள்ளை, கடலுக்குப் பயப்படாதவன். கல்யாணமாகி ஆறு வருஷமாகியும் குழந்தை இல்லை என்பதுதான் அவனுக்கும் சம்சுன் நிஹாருக்கும் இருந்த ஒரே குறை. அந்தக் கரையில் ஒரு வழமை உண்டு. புது வள்ளம் போடுகிற முதல் வலையில் எது முதலில் ஏறுகிறதோ அது அவுலியாவுக்கு. மீனானால் ஆக்கிப் பங்கு வைப்பார்கள். சங்கானால் தர்கா வாசலில் வைப்பார்கள். கொடுத்ததைத் திருப்பி எடுப்பது என்கிற பேச்சே கிடையாது.

இப்ராஹிமின் முதல் வலையில் மீன் ஏறவில்லை. முழ நீளத்தில், தொடைப் பருமனில், பாசியும் சிப்பியும் மூடிய ஒரு இரும்பு ஏறியது. கரையில் போட்டுத் தேங்காய் நாரும் புளியும் வைத்துத் தேய்த்தார்கள். மேல்பாகம் கூம்பி, அழகாக வளைந்து கூர்மையாக முடிந்தது. அடிப்பக்கம் இடுப்பைச் சுற்றி ஒரு செம்பு வளையம், அதில் சாய்வாக வரி வரியாக வேலைப்பாடு. அடியில் பித்தளையில் ஒரு வட்ட மூடி, மூடியில் இரண்டு சின்னத் துவாரம். வலையிழுக்கப் போயிருந்தவர்கள் எல்லாருக்கும் ஒரே சமயத்தில் ஒரே எண்ணம்தான் தோன்றியது. அந்தப் பக்கத்துக் கடலடியில் பழைய காலத்துப் பள்ளிவாசல் ஒன்று மூழ்கிக் கிடக்கிறது என்று சொல்வார்கள். காற்று ஓய்ந்த நாளில் பாங்கு சத்தம் கேட்டதாகச் சொன்னவர்களும் உண்டு. இது அந்தப் பள்ளிவாசலின் மினாரா உச்சியில் இருந்த கூம்பு. வேறு என்னவாக இருக்க முடியும்? அடியில் இருக்கும் மூடியைக் கழற்றினால் கம்பி சொருகுகிற ஓட்டை இருக்கும். தர்காவின் கும்மட்டத்துக்கு மேலே இத்தனை வருஷம் கூம்பு வைக்கக் கூடிவரவில்லை. அவுலியா தனக்கு வேண்டியதைத் தானே வரவழைத்துக்கொண்டார்.

ஜெகபர் அப்போது ஆலங்குடிச் சந்தைக்குப் போயிருந்தார். வியாழக்கிழமை பிற்பகல் பஸ்ஸை விட்டு இறங்கியதும், கூடையைக்கூட வீட்டில் வைக்கவிடாமல் மருமகன் தர்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனான். முற்றத்தில் பாயை விரித்து, அதன் மேல் பச்சைத் துணி போர்த்தி அந்த இரும்பைக் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் சாம்பிராணி புகைந்துகொண்டிருந்தது. சம்சுன் நிஹார் பக்கத்தில் உட்கார்ந்து, துணியின் ஓரத்தைத் தூக்கிச் செம்பு வளையத்தில் விரலால் சந்தனம் தடவிக்கொண்டிருந்தாள். அத்தாவைப் பார்த்ததும் மகள் முகம் மலர்ந்த மலர்ச்சியை ஜெகபர் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

துணியை முழுக்க விலக்கினார்கள். ஜெகபரின் கண் வழக்கம்போல முதலில் அடிப்பக்கத்துக்குத்தான் போனது.

மூக்கில் திரி இல்லை, அடியில் இருக்கிறது. அப்படியானால் இது தொட்டதும் வெடிப்பதற்குச் செய்ததல்ல. கெட்டியான இரும்புத் தோலைத் துளைத்து உள்ளே போய், ஒரு நொடி பொறுத்து, உள்ளே இருப்பவர்களுக்கு நடுவில் வெடிப்பதற்கு. கப்பலுக்குச் செய்தது. ஊரெல்லாம் அழகு என்று பார்க்கிற அந்தக் கூம்பு காற்றைக் கிழிப்பதற்காகப் போட்ட மெல்லிய தகரத் தொப்பி. அதன் அடியில் மொட்டையாக, கனமாக, உண்மையான மூக்கு இருக்கும். இதெல்லாம் ஒரு பார்வையில் ஓடிவிட்டது. பிறகு செம்பு வளையத்தைப் பார்த்தார். ஸ்டோரில் இருக்கும் குண்டுக்கு அந்த வளையம் வழவழவென்று இருக்கும். பீரங்கிக் குழாய்க்குள் இருக்கிற புரியில் கடித்துச் சுழன்று வெளியே வந்தால்தான் அதில் சாய்வாகக் கோடு விழும். மகள் சந்தனம் தடவிய வேலைப்பாடு அதுதான். இந்தக் குண்டு யுத்த காலத்தில் எந்தக் கப்பலிலிருந்தோ புறப்பட்டுவிட்டது. போய்ச்சேரவேண்டிய இடத்துக்குத்தான் இன்னும் சேரவில்லை.

சனிக்கிழமை காலையில் மலையாண்டி ஆசாரி வந்து அடி மூடியைக் கழற்றப் போவதாக இப்ராஹிம் சொன்னான். மலையாண்டி அந்த வட்டாரத்துக்கே இரும்பு வேலை செய்பவர். உப்பில் இறுகிப்போன மூடி திருப்பினால் வராது, உளியை வைத்துத் தட்டித்தான் கழற்றவேண்டுமாம். அவர் தட்டும்போது ஆடாமல் இரண்டு காலுக்கும் நடுவில் இடுக்கிப் பிடித்துக்கொள்கிற வேலையைத் தான் கேட்டு வாங்கியிருப்பதாகவும் சொன்னான். பத்து நாளில் தர்காவின் வருஷ விழாவான கந்தூரி, அதற்குள் கூம்பு ஏறிவிடவேண்டும்.

ஜெகபர் முதலில் சுற்றி வளைத்துப் பேசிப் பார்த்தார். இரும்பு துருப்பிடிக்கும், உப்புக்காற்றுக்கு ஆகாது, நாகப்பட்டினத்தில் சொல்லிப் பித்தளைக் கூம்பு தான் வாங்கித் தருவதாகச் சொன்னார். தர்காவைப் பார்த்துக்கொள்ளும் காசிம் லெப்பை புன்னகையோடு தலையசைத்தார். மூன்று வள்ளம் வைத்திருக்கும் ஷேக் பரீதுதான் வாயைத் திறந்தார்.

“ஏம் மச்சான், நாலு வருசம் கம்பளி எண்ணுன ஆளு. இரும்பப் பத்தி நாங்க பேசிக்கிறோம். கம்பளி ஏதாச்சும் வலையில ஏறுனா ஒங்களைக் கூப்புடுறோம்.”

எல்லாரும் சிரித்தார்கள். ஜெகபரும் சிரிக்கப் பார்த்தார். அவர் வாய் திறக்காமல் நின்ற காரணம் அவருக்கே கசந்தது. உண்மையைச் சொல்வதென்றால் இதே முற்றத்தில் சொல்லவேண்டும். அம்மா நாற்பது பேருக்குச் சோறு போட்ட முற்றம். அந்த நேர்ச்சையே ஒரு பொய்யின் மேல் நிறைவேறியது என்று அவுலியாவின் முன்னால் நின்று சொல்லவேண்டும். சாம்பிராணிச் சட்டியை மட்டும் எடுத்துத் தூரத்தில் வைத்துவிட்டு, மகளை வீட்டுக்கு அழைத்துக்கொண்டு வந்தார்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தார். எழுதுகிறவர் ஒருவர்தான் இருந்தார். தர்காவில் வைத்திருக்கும் பொருளில் போலீஸ் கை வைத்தால் ஊரே திரண்டு வரும், தாசில்தாருக்கு எழுதிக் கொடுங்கள், மேலே போய்ப் பட்டாளத்து ஆட்கள் வரப் பத்துப் பதினைந்து நாளாகும் என்றார். ஜெகபர் அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார். அவர் படித்தது நாலாம் வகுப்பு. பெயரும் ஊரும் எழுதிய பிறகு, என்ன வேலையில் இருந்தீர்கள் என்று ஒரு கேள்வி வந்தது. பீரங்கிக் குண்டு ஸ்டோர் என்று எழுதினார். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக அந்த வார்த்தை அவர் கையிலிருந்து வந்தது.

ஜும்ஆத் தொழுகையில் இமாம் ஓதியது எதுவும் காதில் ஏறவில்லை. சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துவிட்டுக் கையை ஏந்தியபோது, கேட்பதற்கு ஒன்றுதான் இருந்தது. யா அல்லாஹ், அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகக்கூடாது. கேட்டுவிட்டுத் திடுக்கிட்டார். அம்மா கேட்டதும் ஏறக்குறைய இதுதான். தன் கையால் ஒரு உயிர் போகக்கூடாது. நாளைக்கு வாயை மூடிக்கொண்டு இருந்தால், தொடாமலேயே போக்கியதாகிவிடும்.

சனிக்கிழமை காலையில் தர்கா முற்றத்தில் முப்பது நாற்பது பேர் கூடியிருந்தார்கள். பெண்கள் வேலி ஓரம் நின்றார்கள். மலையாண்டி ஆசாரி செருப்பை வெளியே விட்டு, தலைத் துண்டை இடுப்பில் கட்டி, லெப்பையிடம் உத்தரவு கேட்டுக்கொண்டு உட்கார்ந்தார். இப்ராஹிம் இரும்பை மடியோரம் அணைத்து முழங்காலால் இடுக்கிக்கொண்டான். ஆசாரி பித்தளை மூடியின் துவாரத்தில் உளியின் முனையை வைத்து, சுத்தியலை ஒரு தடவை ஓங்காமல் அளவு பார்த்தார்.

ஜெகபர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். ஓடவில்லை. பக்கத்தில் முழங்காலை மடித்து உட்கார்ந்து, உளியை மெல்ல நகர்த்தி, தன் உள்ளங்கையை அந்த மூடியின் மேல் வைத்து மூடினார்.

“ஆசாரி, தட்டணும்னா எங் கையி மேல தட்டுங்க.”

மலையாண்டிக்குக் கை அப்படியே நின்றது. “என்ன பாய், வெளையாடுறீங்களா?”

“மாப்புள்ள, அசையாம இருங்க. பயப்படாதீங்க. நான் சொல்றதக் கேட்டுட்டு மெதுவா எந்திரிங்க” என்றார் ஜெகபர். குரல் நடுங்கவில்லை. “இது கூம்பு இல்ல. பீரங்கிக் குண்டு. சுட்டு, வெடிக்காம விழுந்தது.”

ஷேக் பரீது ஏதோ கேலியாகத் தொடங்கினார். ஜெகபர் அவர் பக்கம் திரும்பாமல், லெப்பையைப் பார்த்துப் பேசினார். தான் கம்பளி எண்ணவில்லை என்றார். நாலு வருஷமும் எண்ணியது இந்த இனத்தைத்தான் என்றார். கையை எடுக்காமல், மற்றக் கையின் விரலால் ஒவ்வொன்றாகக் காட்டினார். கூம்பு காற்றுக்கு, அதன் அடியில் இருக்கும் மூக்கு இரும்புக்கு, வளையத்தில் இருக்கிற கோடு அது புறப்பட்டுவிட்டதற்கு அடையாளம், தன் கைக்குக் கீழே இருப்பதுதான் அதன் உயிர். இதைச் செய்தவர்கள் வெளியே வெடித்து வீணாகக்கூடாது என்று யோசித்துச் செய்தார்கள் என்றார்.

“வீட்டுக்குள்ள நொழஞ்சு, சனங்களுக்கு மத்தியில போயி வெடிக்கிறதுக்குன்னே செஞ்சது லெப்பை. நாம அதக் கூப்புட்டுக் கொண்டாந்து உள்ள வச்சிருக்கோம்.”

அப்போதுதான் அவர் குரல் உடைந்தது. அம்மாவிடம் பொய் சொன்னதையும், அந்தப் பொய்யை நம்பி இந்த முற்றத்தில் சோறு போட்டதையும் சொன்னார். தன் கை சுத்தமான கை இல்லை என்றார். எடுத்துக் கொடுத்தது இந்தக் கை, அது எங்கே போய் விழுந்தது என்று தன் கண் பார்த்திருக்கிறது என்றார். வேலி ஓரத்தில் ரஹீமா பீவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

காசிம் லெப்பை வயதில் ஜெகபரைவிட இளையவர். உடனே பதில் சொல்லிப் பழக்கமில்லாதவர். தர்கா வாசலை ஒரு தடவை பார்த்துவிட்டுப் பேசினார்.

“அன்னிக்குச் சாப்புட்ட நாப்பது பேருக்கும் பசி நெசம்தானே ஜெகபருண்ணே. சோறும் நெசம்தான். ஒங்கம்மா மனசும் நெசம். அவுங்க கேட்டதுக்கு இன்னிக்குத்தான் பதில் வந்திருக்கோ என்னமோ, அல்லாதான் அறிவான். மொதல்ல ஒங்க கைய எடுக்கலாமான்னு சொல்லுங்க.”

எடுக்கலாம் என்றார் ஜெகபர். ஆனால் கீழே இறக்கிய பிறகு அதை நகர்த்தக்கூடாது என்றார். இப்ராஹிமின் முழங்காலுக்கு அடியில் துணியைச் சுருட்டி வைத்து, ஒரு காலை எடுக்கச் சொல்லி, பிறகு மற்றக் காலை எடுக்கச் சொல்லி, அந்த இரும்பு பாயோடு சமமாகப் படுக்கும் வரை இரண்டு கையாலும் தாங்கி, தரையில் பட்டதே தெரியாமல் இறக்கினார். ஊரில் இத்தனை வருஷம் கிண்டல் செய்த வேலையை அன்று நாற்பது பேர் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார்கள். மலையாண்டி ஆசாரி உளியை எடுத்து இடுப்பில் சொருகப் போய், கை தவறிக் கீழே போட்டார். கல்லில் பட்டுக் கிண்ணென்ற அந்தச் சின்னச் சத்தத்துக்கு எல்லாரும் குலுங்கிப்போனார்கள்.

ஆனாலும் விஷயம் அதோடு தீரவில்லை. அவுலியாவுக்குக் கொடுத்ததைத் திருப்பி எடுப்பதா என்று நாலு பேர் கேட்கத்தான் செய்தார்கள். எடுக்கவில்லை, பட்டாளத்து ஆட்கள் வரும் வரைக்கும் அது இருக்கிற இடத்திலேயே இருக்கும், நாம்தான் விலகி இருக்கப்போகிறோம் என்று லெப்பை முடித்துவிட்டார். சுற்றிலும் மணல் மூட்டை அடுக்கி, முள்வேலி போட்டார்கள். அந்த வருஷம் கந்தூரிக்குக் கொடி கடற்கரையில் ஏறியது. அதிர்வேட்டு போடவில்லை. வேட்டு இல்லாத கந்தூரியா என்று சிலருக்கு முகம் தொங்கிப்போனது. ஒரு கருவாட்டு வியாபாரியின் பேச்சைக் கேட்டு ஊரே முள்வேலிக்குப் பயந்து கிடக்கிறது என்று ஷேக் பரீது டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தார். இப்ராஹிம் மாமனாரோடு பேசவில்லை. அவனுக்குக் கோபம் குண்டு மேல் இல்லை. ஆறு வருஷம் கழித்துத் தங்களுக்கென்று ஒரு நல்ல அடையாளம் வந்தது என்று நம்பியிருந்தான். அது இப்படி ஒன்றாகப் போனதே என்பதுதான். ஜெகபர் அதைப் புரிந்துகொண்டார். வியாபாரத்தை விட்டுவிட்டு, தினமும் விடிகாலை சுபுஹு முதல் அந்தி மஃரிபு வரை முள்வேலிக்கு வெளியே உட்கார்ந்து, ஆட்டையும் கோழியையும் விரட்டிக்கொண்டிருந்தார். மகள்தான் மதியச் சோறு கொண்டுவருவாள். மூன்றாம் நாள் அவள் கேட்டாள்.

“அத்தா, அத நான் தடவிக்கிட்டே ஒக்காந்திருந்தேனே. ஒண்ணும் ஆகலையே. அது அவுலியா காவல் இல்லையா?”

“காவல்தாம்மா. இல்லாட்டி வலையில ஏறும்போதே ஆகியிருக்கும்” என்றார் ஜெகபர். அவர் அதை மனதாரத்தான் சொன்னார்.

பதினேழாம் நாள் ஒரு லாரியும் ஒரு ஜீப்பும் வந்தன. வந்த சுபேதார் முள்வேலிக்குள் தனியாகப் போய், குனிந்து பார்த்துவிட்டு வெளியே வந்து, இதை யார் நகர்த்த வேண்டாம் என்று சொன்னது என்று இந்துஸ்தானியில் கேட்டார். ஜெகபர் முன்னால் வந்தார். எந்த யூனிட், எந்த டிப்போ என்று சுபேதார் விசாரித்தார். பிறகு ஜெகபரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். மணல் நிரப்பிய பெட்டியில் அதை வைத்து, நடக்கிற வேகத்துக்கு லாரியை ஓட்டி, ஆள் நடமாட்டமில்லாத சேற்றுத் திடலுக்குக் கொண்டுபோனார்கள். ஊரை எல்லாம் ஒரு மைல் தூரத்தில் நிறுத்திவிட்டார்கள்.

சத்தம் காதுக்கு வருமுன் தரை அதிர்ந்தது. சவுக்குத் தோப்பில் இருந்த காக்கை எல்லாம் எழுந்து கடல் பக்கம் பறந்தன. சிலர் சும்மா அவர்கள் வைத்த மருந்துதான் வெடித்தது, உள்ளே ஒன்றும் இருந்திருக்காது என்று அப்போதும் சொன்னார்கள். இப்ராஹிம் யாருக்கும் சொல்லாமல் திடலுக்கு நடந்து போனான். அவன் உயரத்துக்கு ஒரு பள்ளம் விழுந்திருந்தது. அதன் ஓரத்தில் செம்பு வளையத்தின் ஒரு துண்டு கிடந்தது. அந்தச் சாய்ந்த கோடுகள் அதில் அப்படியே இருந்தன. துண்டின் மறுபக்கம் கத்திபோல் கிழிந்திருந்தது. அதைத் தன் முழங்காலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான்.

திரும்பி வந்து மாமனார் வீட்டு வாசலில் நின்றான். உள்ளே வாங்க மாப்புள்ள என்று ஜெகபர் எழுந்தார். அவன் அவருடைய வலது கையைப் பிடித்து, அவருடைய அம்மா செய்த மாதிரியே கண்ணில் ஒற்றிக்கொண்டான். ஜெகபர் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். அவன் விடவில்லை.

கும்மட்டத்துக்குக் கூம்பு பிற்பாடு சுண்ணாம்பிலேயே கொத்தனாரை வைத்து எழுப்பினார்கள். வளையத் துண்டை இப்ராஹிம் கடலில் எறிந்துவிட்டான் என்று சொல்கிறார்கள். ஜெகபர் சாதிக் அதற்குப் பிறகும் பல வருஷம் இருந்தார். கருவாடுதான் விற்றார். தொழுகைக்குப் பிறகு கை ஏந்துகிற நேரம் மட்டும் மற்றவர்களோடு சமமாகிவிட்டது. சம்சுன் நிஹாருக்கு அறுபதாம் வருஷம் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தைக்கும் நடந்ததற்கும் முடிச்சுப் போட்டுப் பேசினால் ஜெகபர் எழுந்து போய்விடுவார். கொடுக்கிறவனுக்கு நேரம் தெரியும் என்று மட்டும் சொல்வார்.

ஒன்று மட்டும் ஊரில் மாறிவிட்டது. முதல் வலையில் ஏறியது எதுவானாலும் முதலில் ஜெகபரிடம் காட்டிவிட்டுத்தான் தர்காவுக்குக் கொண்டுபோவது என்று ஆகிப்போனது. யாரும் கூடி முடிவு செய்யவில்லை, தானாக வந்த பழக்கம். முதலில் அப்படிக் கொண்டுவந்தவர் ஷேக் பரீது. நாலாவது வள்ளம் இறக்கி, முதல் வலையில் ஏறிய ஆள் நீளக் கொடுவா மீன் ஒன்றைத் தோளில் சுமந்து வந்து கடை வாசலில் நின்றார். முகத்தைக் கொஞ்சம் வேறு பக்கம் வைத்துக்கொண்டு, “இது யாருக்குன்னு பாத்துச் சொல்லுங்க மச்சான்” என்றார்.

கடைத்தெரு வேடிக்கை பார்த்தது. ஜெகபர் சிரிக்காமல் மீனை இரண்டு கையாலும் வாங்கி, முழங்காலை மடித்து மெல்லக் கீழே கிடத்தினார். வழக்கப்படி வாலில் தொடங்கி, வயிற்றைத் திருப்பிப் பார்த்து, செதிலைத் தடவிப் பார்த்து, வாயைத் திறந்தும் பார்த்தார்.

“பசிச்சவுங்களுக்கு” என்றார். “எடுத்துட்டுப் போங்க. கொழம்புக்குப் புளி மட்டும் கொஞ்சம் கூட வைக்கச் சொல்லுங்க.”